கூமாப்பட்டிக்காரருக்கு எதிராக என் சாட்சி

கட்சியின் ஜில்லாத் தலைவர் பதவிக்கு எங்கள் தாலுகாவிலிருந்து யாரை நிறுத்துவது என்று தீர்மானித்த கூட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால், "ராஜபாளையத்து முதலாளியை நிறுத்தினோம், அவர் ஜெயித்தார்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது உண்மைதான். அந்தக் கூட்டத்திலும் நான் பொய் சொல்லவில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இளம் வக்கீல். தாலுகா கமிட்டிக்குச் செயலாளர். ஒவ்வொரு தாலுகாவும் முதலில் தனக்குள் ஓட்டெடுத்து ஒருவரைத் தேர்ந்து ஜில்லாவுக்கு அனுப்ப வேண்டும். எங்களிடம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலை வைத்திருந்த முதலாளி. கட்சிக்குப் புதியவர், ஆனால் விருதுநகர் வரை வியாபாரிகள் அவர் சொன்னால் கேட்பார்கள். மற்றவர் கூமாப்பட்டிச் சம்சாரி, சொந்த வயலில் பாடுபடுகிற விவசாயி. கள்ளுக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். மலையடிவாரத்துச் சனங்களுக்குச் சர்க்கார் காட்டில் விறகும் மேய்ச்சலும் கேட்டு ஜில்லா முழுக்கக் கிளர்ச்சி நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். கட்சிக்குள் என்னைக் கூட்டி வந்தவரே அவர்தான்.

அந்தக் கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு அவருடைய மனைவி காலமானார். அண்ணாச்சி ஜெயிலில் இருந்தபோது வயலையும் மாட்டையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவர் அந்த அம்மாள். கருமாதிக்கு நான் போயிருந்தேன். மனைவியை இழந்தவருக்கு அவள் பிறந்த வீட்டார் கோடி வேட்டி கொண்டுவந்து கட்டுவது அங்கே வழக்கம். கிறிஸ்தவனான எனக்கு அது புதிது. மைத்துனர் தட்டில் வைத்து நீட்டிய வேட்டியைத் தொட்டுப் பார்த்த அண்ணாச்சி, கதரைத் தவிர வேறு கட்டாதவர், என் பக்கம் குனிந்தார்.

"மில் துணி தம்பி. என்ன செய்ய?"

அதற்குள் மாமியார் பார்த்துவிட்டார். "எம் மவளுக்குப் பொறந்த வீட்டுக் கடைசிச் சீரு. இதையுமா தட்டிருவீக மருமகனே?" என்று கதறினார்.

"கட்டிக்கிடுங்க அண்ணாச்சி. இதுல ஒரு குத்தமும் இல்ல" என்றேன் நான்.

கட்டிக்கொண்டார். மாமியார் ஊருக்குத் திரும்பும்வரை அவிழ்க்கவில்லை. அந்த வேட்டியோடு ஒருநாள் வத்திராயிருப்புச் சந்தைக்கும் போயிருக்கிறார்.

தேர்வுக் கூட்டம் ரத வீதியில் ஒரு கடையின் மாடியில் நடந்தது. அண்ணாச்சி பக்கம்தான் ஆள் அதிகம் என்பது உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கைதூக்கச் சொல்லும் நேரத்தில் முதலாளியின் கணக்குப்பிள்ளை எழுந்தார்.

"கட்சியில பதவிக்கு நிக்கிறவிய எப்பவும் கதர்தான் கட்டணும்னு விதி இருக்குல்லா? கூமாப்பட்டிக்காரரை வத்திராயிருப்புச் சந்தையில மில் வேட்டியோட பாத்தேன். நல்லாருக்குய்யா ஞாயம்! ஜின்னு வச்சிருக்கிறவரு கதர் கட்டுதாரு, ராட்டை சுத்துத சம்சாரி சீமான் மாதிரி மில் வேட்டி கட்டுதாரு!"

"ஏலே, வாயை மூடு! எங்க அண்ணாச்சி செயில்ல களி திங்கையில ஒங்க மொதலாளி எங்கலே இருந்தாரு?" என்று கூமாப்பட்டி ஆட்கள் எழுந்தார்கள். ராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர், "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி!" என்று தெலுங்கில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அவரோட பழகுறவர் செயலாளர்தான். சொல்லும். மில் வேட்டியோட பாத்தீரா?"

"பார்த்தேன்" என்றேன்.

"எப்போ?"

"போன ஆவணியில்."

எதற்காகக் கட்டினார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், ஒரு வார்த்தை கூடப் பேசாதே என்று சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்தப் பாடத்தை எனக்கே நடத்திக்கொண்டேன்.

முதலாளி நின்றால்தான் ஜில்லாவில் ஜெயிக்க முடியும் என்று நான் நம்பினேன். அது ஒரு காரணம். அவருடைய வழக்குகள் என்னிடம் வரும் என்ற நினைப்பும் இருந்ததா என்றால், இருந்தது. எது பெரிது என்று இத்தனை வருஷம் நிறுத்துப் பார்த்தும் தெரியவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். விளக்கம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "விதின்னா விதிதான். நான் விலகிக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். முதலாளிக்குக் கைதூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். அவர் ஆட்கள் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கூமாப்பட்டிக்குப் போனேன். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து, எப்போதும் போல இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"என்னன்னு சொல்ல? எம் பொண்டாட்டி செத்துட்டா, அதுக்குத்தான் கட்டினேன், ஓட்டுப் போடுங்கன்னா?" கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார். "அவ சாவை அந்த மாடியில கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல தம்பி. நீங்க சொன்னா அது வேற. கொஞ்ச நேரம் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியாது.

"சரி விடுங்க. குடிங்க, வெயிலு ஏறுது" என்றார்.

முதலாளி ஜில்லாத் தலைவரானார். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். விறகும் மேய்ச்சலும் எந்தத் தீர்மானத்திலும் வரவில்லை, அவ்வளவுதான். அண்ணாச்சி தேர்தல் வந்தால் கட்சிக்காக ஊர் ஊராக நடந்தார். பதவி எதற்கும் மறுபடி நிற்கவில்லை. நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே மன்னித்துவிடுவார் என்று தெரியும். அது எனக்குத் தாங்காது என்று தள்ளிப்போட்டேன்.

சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் இறந்துபோனார். செய்தி கொண்டுவந்த ஆள் முன்சீப் கோர்ட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே முதலாளியின் வழக்கு, நான்தான் வக்கீல். வாய்தா கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. வாதம் முடிந்து கூமாப்பட்டி போய்ச் சேர்ந்தபோது, அவரை எடுத்துவிட்டிருந்தார்கள்.