பார்வதி அக்கா வாய் திறக்காத நாள்

காலை 6.40. கண்டியில், வத்தேகம வழியாக மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மாத்தளையில் அன்று ஒரு விசாரணைக் குழு கூட இருந்தது. போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டார் வந்து சாட்சி சொல்வார்கள்; அதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றிச் சொல்வது என் வேலை. பதினோரு வருடமாக இதையே செய்கிறேன். அடுத்தவர் வீட்டு அழுகை என் வாய் வழியாகத்தான் ஐயாமார் காதுக்குப் போகிறது. அந்தக் காதுகள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

7.50. உக்குவளை. வேலைக்குப் போகிறவர்களோடு அறுபது வயதுப் பெண் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்வதி என்று வைத்துக்கொள்வோம். கையில் சோற்றுப் பார்சலும் ஒரு பிளாஸ்டிக் உறையும்.

“விசாரணைக்குப் போறேன் தங்கச்சி. ஆனா வாயத் தொறந்து கதை சொல்லப் போறதில்ல.”

நான் யார் என்று சொன்னேன். சிரித்துவிட்டார். “அப்ப ஒங்களுக்கு இன்னைக்கு லீவுதான்.”

மாத்தளைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். அதற்குள் சொல்லி முடித்தார். தோட்டத்து லொறியில் போன கணவரைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பிறகு அவர் வரவில்லை. நாலு குழுக்களிடம் இதைச் சொல்லியாயிற்று.

“நாலு தடவையும் மொதல்லருந்து சொல்லுங்கன்னாங்க. கடைசித் தடவ எனக்கு அழுகையே வரல. அவரு போட்டிருந்த சட்ட கலரு, பிள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இன்னொரு தடவ சொன்னா அவரு எனக்கே இல்லாம போயிருவாரு.”

8.15. மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே பால் இல்லாத பிளேன்டீ, நாற்பது ரூபாய். சாட்சியோடு டீ குடிக்கக் கூடாது என்று விதி இருக்கலாம். நான் கேட்டுப் பார்க்கவில்லை.

10.20. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். “முதலிலிருந்து சொல்லுங்கள்,” என்றார் தலைவர். தமிழில் சொன்னேன். பார்வதி அக்கா உறையிலிருந்து, முன்பு வாக்குமூலம் கொடுத்ததற்கான நாலு பற்றுச்சீட்டுத் துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“நாலு தடவ சொன்னது ஒங்ககிட்டதான் இருக்கு. இன்னைக்கு நீங்க வாசிங்க. நான் கேக்குறேன்.”

அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதன் பிறகு அக்காவிடமிருந்து ஒரு சொல் இல்லை. பயப்பட வேண்டாம் என்று சொல்லும்படி தலைவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். சொன்னேன். அக்கா என்னைத்தான் பாவமாகப் பார்த்தார். பத்து நிமிடம் போனது.

“சாட்சி சொல்ல மறுத்தார் என்று எழுதுங்கள்,” என்றார் தலைவர், கிளாக்கரிடம். அப்படி எழுதினால் அக்காவின் கோப்பு அன்றோடு மூடப்படும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“அவர் மறுக்கவில்லை. நீங்கள் வாசிப்பதற்காகக் காத்திருக்கிறார்,” என்றேன் சிங்களத்தில்.

“உங்கள் வேலை மொழிபெயர்ப்பு.”

“அதைத்தான் செய்கிறேன்.”

பின்வரிசையில் ஒரு சிங்கள அம்மா எழுந்தார். காணாமல் போன மகனுக்காக, வில்கமுவயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். நேராக வந்து அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “என்னுடையதையும் வாசியுங்கள்,” என்று சொல்லிவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

12.30 வரை இரண்டு பேரும் அசையவில்லை. குழுவினர் கோப்புகளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை, கொழும்பில் இருக்கலாம் என்றார்கள். கடைசியில் கிளாக்கர் எழுதினார்: “முந்தைய வாக்குமூலங்கள் குழுவிடம் இல்லை. அவை கொண்டுவந்து வாசிக்கப்படும் வரை இரண்டு விசாரணைகளும் ஒத்திவைக்கப்படுகின்றன.” அக்கா அதை என்னை இரண்டு தடவை தமிழில் வாசிக்க வைத்து, பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நீதி கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்லாதவர் யார் என்பது முதல் தடவையாகக் காகிதத்தில் ஏறியிருக்கிறது.

பிற்பகல் 2.10. திரும்பும் பஸ். உக்குவளை வரும்வரை அக்கா பேசிக்கொண்டே வந்தார். சோதனைச் சாவடியைப் பற்றி இல்லை, கணவர் என்ற அந்த மனிதரைப் பற்றி. நடுவில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அத்தனை வருடம் கழித்து, அழுதார்.

“இது அவங்களுக்கு இல்ல தங்கச்சி. எழுதிறாதீங்க,” என்று சொல்லி இறங்கிப் போனார்.

பயணம் போனவர் பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்பார்கள். நேரம், தூரம், டீயின் விலை எல்லாம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்த அந்த ஆறு கிலோமீட்டரில் கேட்டதைச் சொல்ல மாட்டேன். எந்தக் குழு கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன்.