ரோஸ்லின் டீச்சர் வீட்டுச் சேனல்

போன வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதாவது பல வயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி, கிடந்தது. மிக்ஸி மூடிகளுக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவே, வயர் செருகும் ஓட்டைகளில் எல்லாம் மண். "இன்னா சார், பாத்துகினே கீற? எட்த்துக்கோ, நல்லா ஓடும்" என்றார் கடைக்காரர். இதே மாடல் ஓடிய காலத்தில் என்னைப் படுத்திய பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது! கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்தக் காய்ந்த தூசி வாசனைதான் எனக்குப் பாபுவின் கேபிள் ஆபீஸ்.

சேலையூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பாபு என்னோடு பள்ளியில் படித்தவன். பெரிய கம்பெனிகள் தெருத்தெருவாக வயர் இழுத்துக்கொண்டு வந்த சமயம். "அவங்க கைல இல்லாதது நம்ம கைல இருக்கணும் மச்சான்" என்று சொந்தமாக ஒரு சேனல் நடத்தினான். பள்ளி ஆண்டுவிழா, அம்மன் கோயில் தேர், ஞாயிறு காலையில் பக்கத்துச் சர்ச் ஆராதனை. நெற்றி நிறையத் திருநீறோடு போய்த்தான் சர்ச்சுக்குள் கேமராவை நிறுத்துவான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய கேபிளை எடுத்துவிட்டு நெட்வொர்க் வயருக்கு மாறியபோது நான் மாட்டிக்கொண்டேன். ஐ.டி. வேலையில் இருப்பவன் என்றால் டார்ச் லைட் முதல் ராக்கெட் வரை தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனலை மல்டிகாஸ்டில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. நூறு வீட்டுக்கு நூறு தடவை அனுப்பாமல், படத்தை ஒரே தடவை அனுப்பி, வயர் பிரிகிற இடத்தில் மட்டும் பிரித்துக் கொடுப்பது. எந்த வீட்டு டி.வி. பாக்ஸ் கேட்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் சுவிட்ச் படம் தரும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ரோஸ்லின் டீச்சர் போன் செய்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கணக்கு எடுத்தவர், எங்கள் கணக்கு எப்படி என்றும் அறிந்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். "ஏம்ப்பா, மொத பாட்டு முடியறதுக்குள்ள படம் நின்னுடுது. வேற சேனல் போய்ட்டு வந்தா திரும்ப வருது. இப்படி ரிமோட்டும் கையுமாவே ஜெபம் பண்றேன்" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அடுத்த ஞாயிறும் பாழானது. "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று பாக்ஸ்களை அவ்வப்போது விசாரிக்க ஒரு சுவிட்சையாவது நியமிக்க வேண்டும். எங்கள் சுவிட்சுகள் எல்லாம் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன, விசாரிக்கத்தான் ஒன்றும் இல்லை. பதில் வராததால் பார்க்க ஆளில்லை என்று படத்தை நிறுத்திவிட்டன. ஒரு சுவிட்சின் செட்டிங்கில் ஒரே ஒரு வரி சேர்த்து அதை விசாரிக்க வைத்ததும் சரியாகிவிட்டது. டீச்சர் போனிலேயே "ஆமென்" என்றார்.

அதற்கப்புறம் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஜனங்கள் போனில் எந்தெந்த ஊர்ப் பிரசங்கத்தையோ பார்க்க ஆரம்பித்தார்கள். வீடு வீடாகப் பாபுவின் பாக்ஸ் பரணுக்குப் போனது. மூடிவிடேன் என்றேன். "டீச்சர் இருக்கறவரைக்கும் ஓடட்டும் மச்சான்" என்றான். டீச்சர் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஞாயிறு ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். கேமராவோடு நேராக இணைத்த சின்னத் திரையில் ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் பாத்துகினு கீறாங்களா பாரு" என்றான் பாபு. சுவிட்ச் காட்டும் பட்டியலைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் இல்லடா."

"டீச்சர் வூட்டு பாக்ஸு?"

"ஆஃப்ல இருக்கு. கேக்க ஆளில்லன்னா சுவிட்ச் அனுப்பாது மச்சான். படம் இந்த ரூமத் தாண்டாது."

அப்போது பாஸ்டர் வழக்கம்போல் கேமரா பக்கம் திரும்பினார். "வீட்டிலிருந்து பார்க்கும் அன்பானவர்களே, உங்களுக்காக இப்போது ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஜெபம் முடியும்வரை எங்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

"இத அவராண்ட எப்டிடா சொல்றது?" என்றான் பாபு. சொல்லவில்லை. பல வாரங்கள் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டே இருந்தான். அவரும் ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்தப் படிக்கு அடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். டீச்சர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. பாபு பள்ளிக்கரணைப் பக்கம் ஏதோ கம்பெனிக்கு வயர் ஒட்டுகிறான். சேனலைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

சேனலை மூடுவதென்று முடிவாகி, சர்ச்சிலிருந்து கேமராவைக் கடைசியாக எடுத்துவரப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். "ரிப்பேர், பாஸ்டர்" என்றான். அவர் பாபுவின் தோளில் கை வைத்து, "சீக்கிரம் சரி பண்ணிடுப்பா, வீட்ல இருக்கறவங்க தவிச்சுப் போயிடுவாங்க" என்றார்.

பாபு தலையை ஆட்டினான். தவித்துப்போக அந்தத் தெருக்களில் ஒருவரும் மிச்சமில்லை.