தலையாட்டினா போதாது

ஆஸ்பத்திரி ஹெல்ப் டெஸ்க் வேலைன்னா வேற ஒண்ணுமில்லீங்க, டாக்டர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொல்லாம விட்டதை டாக்டருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. திருப்பதியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அதைத்தான் நான் பண்றேன். டாக்டருங்க தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து விறுவிறுன்னு பேசுவாங்க. நாகலாபுரம் பக்கத்துலேர்ந்து வர்ற நம்ம தமிழ் ஜனங்களுக்குச் சந்தைத் தெலுங்கு நல்லாவே தெரியும், ஆஸ்பத்திரித் தெலுங்கு தெரியாது.

எங்களுக்கு கம்யூனிகேஷன் ட்ரெய்னிங் எல்லாம் கொடுத்திருக்காங்க. சிரிக்கணும், கண்ணைப் பார்த்துப் பேசணும், கையைக் கட்டிக்கக் கூடாது. இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் எதிர்ல இருக்கிறவருக்கு விளங்கலன்னா என்ன செய்யறதுன்னு மட்டும் சொல்லல. கவுன்டர்ல உட்கார்ந்து தொண்டை வத்துற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். அப்போ என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற எங்க டாக்டர் சுஜாதா மேடம்தான்.

எல்லாத்துக்கும் சரி

முனியம்மாக்கா கூலி வேலைக்குப் போறவங்க. பித்தப்பையில கல்லு. வலி வந்தா சுருண்டு படுத்துடுவாங்களாம். இன்னொரு தடவை வலி வந்து உள்ள சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து, உடனே எடுத்துடணும்னு சர்ஜன் சார் படம் போட்டு விளக்கினார். அக்காவும் அவங்க வீட்டுக்காரர் செங்கல்ராயண்ணனும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாங்க. ரெண்டு தலையும் சேர்ந்தே ஆடுச்சு. சாருக்கு ரொம்ப திருப்தி.

வெளியில வந்ததும் செங்கல்ராயண்ணன் என் பக்கத்துல வந்து, "டாக்டர் இன்னாம்மா சொன்னாரு?"ன்னார். அங்கேயே கேட்டிருக்கலாமே அண்ணான்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ்ளோ பெரிய டாக்டர் பேசிக்கினு இருக்கும்போது நடுவுல பூந்து கேட்டா, அது மரியாதையாம்மா?"

வாயில போட்டது

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஒண்ணும் துன்னக்கூடாது, தண்ணிகூட கூடாதுன்னு முந்தின நாளே சொல்லியாச்சு. காலையில நர்ஸ் வந்து, "ஏதாவது சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னாங்க அக்கா. சர்ஜன் சார் கேட்டார், இல்லை. நான் தமிழ்ல கேட்டேன், இல்லவே இல்லை.

கடைசியா சுஜாதா மேடம் வந்தாங்க. அவங்களுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனா சாப்பிட்டீங்களான்னே அவங்க கேக்கல. கட்டில்ல உட்கார்ந்து, அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு, "பொழுது விடிஞ்சதுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க, எனக்குக் கதை மாதிரி சொல்லுங்க"ன்னாங்க. அக்காவும் ஆசையா ஆரம்பிச்சாங்க. எழுந்தாங்க, முகம் கழுவினாங்க, விபூதி வெச்சாங்க. தங்கச்சி மகன் மலைக்குப் போயிட்டு அப்படியே பார்க்க வந்தானாம். லட்டு கொண்டாந்தானாம். கண்ணுல ஒத்திக்கினு பாதியை வாயில போட்டுக்கினாங்களாம்.

அடக் கடவுளே! வயித்துல ஏதாவது இருக்கும்போது மயக்கம் கொடுத்தா, அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும், மூச்சே நின்னுடும். மேடம் ஒரு வார்த்தை திட்டல. நல்லவேளை சொன்னீங்கம்மான்னு தட்டிக் கொடுத்துட்டு, ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினாங்க. அக்காவுக்கு மட்டும் ஒண்ணும் விளங்கல. "பிரசாதம் எப்படிம்மா துன்றதுல சேரும்? அது சாமியோடதாச்சே!"

பயம் எது?

அன்னிக்கு மத்தியானமே செங்கல்ராயண்ணன் பையைக் கட்டிட்டார். பிரசாதத்தாலேயே நின்னுபோச்சுன்னா ஏழுமலையானுக்கே இஷ்டமில்ல, ஊருக்குப் போறோம்னு ஒரே பிடிவாதம். போனா அந்த அக்கா அடுத்த வலிக்குத் தாங்குவாங்களோ மாட்டாங்களோ. கல்லைப் பத்தி, சீழைப் பத்தி எல்லாம் எடுத்துச் சொன்னேன். வழக்கம்போல தலையாட்டினார், பையைத் தோள்ல மாட்டினார்.

மேடம் வந்தாங்க. சாமி விஷயத்துல அவங்க வாயே திறக்கல. பக்கத்துல உட்கார்ந்து, "உங்களுக்கு எதுண்ணா பயம்?"னு மட்டும் கேட்டாங்க. அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஊசி போட்டா தூங்கிடுவா சரி, அப்புறம் எழுந்திருக்கலன்னா? இத்தனை நாள்ல நாங்க யாரும் அவர்கிட்ட இதைக் கேட்கவே இல்லீங்க. மேடம் மறைக்காம சொன்னாங்க. ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ரொம்பக் கம்மி. முழுசா கண்ணு முழிச்சு அவங்க உங்களைத் திட்டுற வரைக்கும் நான் பக்கத்துலேர்ந்து நகர மாட்டேன். அண்ணன் பையைக் கீழ வெச்சார். "அப்படின்னா சரி மேடம், திட்டுறதுல அவ லேட்டே பண்ண மாட்டா."

ஒரு நிமிஷம், மேடம்

அன்னிக்குச் சாயங்காலம், நாளைக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் எதையும் வாயில போடக்கூடாதுன்னு மறுபடியும் அதே பாடம். ஆனா மேடம் இந்தத் தடவை, "புரிஞ்சுதா?"ன்னு கேட்கல. "நான் தமிழ்ல சரியா சொன்னேனான்னு எனக்கே சந்தேகம். நான் சொன்னதை உங்க வாயால சொல்லுங்கம்மா, தப்பிருந்தா நான் திருத்திக்கறேன்"னாங்க. பாருங்க அந்த சாமர்த்தியத்தை! பரீட்சை எழுதறது அக்கா இல்ல, டாக்டர்தான்னு ஆக்கிட்டாங்க. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

அக்காவுக்குக் குஷி. சோறு கூடாது, காபி கூடாது, வெத்தலபாக்கு கூடாது, லட்டு கூடாது, தீர்த்தம் கூடாதுன்னு அடுக்கினாங்க. மேடம் சபாஷ்னு சொல்லிட்டு எழுந்து கதவு வரைக்கும் போயிட்டாங்க. அப்பத்தான் பின்னாலேர்ந்து ஒரு குரல், அக்காவோடதுதான். டாக்டரை நிறுத்தி ஒரு கேள்வி! "ஒரு நிமிஷம் இரு மேடம், தினம் விடியக்காலையில பிபி மாத்திர போடுவேனே, அதைப் போட்டுக்கணுமா, வாணாமா?"

மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய அந்த மாத்திரையைப் பத்தி அதுவரைக்கும் எங்க யார்கிட்டயும் அக்கா சொன்னதில்லை.

வீட்டுக்குப் போற நாள்

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சொன்ன மாதிரியே மேடம் பக்கத்துலேயே இருந்தாங்க. அக்கா கண்ணு முழிச்சதைக் கேட்டதும் செங்கல்ராயண்ணன் வராண்டாவுல குழந்தை மாதிரி அழுதார்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு சர்ஜன் சார் வழக்கம்போல கதவுகிட்டயே நின்னு, பாரம் தூக்கக்கூடாது, காரம் கூடாது, தையல் பிரிக்க வரணும்னு மூச்சு விடாம சொல்லிட்டுக் கிளம்பினார். அக்கா விடல. "சார், குந்துங்க. பாரம்னா எது? தண்ணிக்கொடம் பாரமா? மாட்டுக்குப் புல்லுக்கட்டு? பேரப்புள்ள?"ன்னாங்க. சும்மா சொல்லக்கூடாது, சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். கொடமும் கூடாது, கட்டும் கூடாது, பேரனை மட்டும் உட்கார்ந்தபடியே மடியில வெச்சுக்கலாம். செங்கல்ராயண்ணன் மூலையில நின்னு பழக்கதோஷத்துல எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாங்க. "தலைய ஆட்டாத. தண்ணிக்கொடத்த இனிமே யாரு தூக்கணும்னு உன் வாயால சொல்லு, கேக்கறேன்."

இப்பல்லாம் எங்க ஆஸ்பத்திரியில ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப ரொம்ப நேரம் பிடிக்குதுன்னு எல்லாரும் குறை சொல்றாங்க, நல்லபடியா நடந்து வீட்டுக்குப் போறவங்களைத் தவிர.