அமைச்சருக்கு அவர் வரலாற்றைச் சொன்ன நாள்

லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொங்கல் விழா. பிரதம விருந்தினர் ஒரு பிரிட்டிஷ் அமைச்சர். அவரை அறிமுகப்படுத்த எனக்கு இரண்டு நிமிடம் தந்திருந்தார்கள். அதன்பின் என் மச்சாள், மனைவியின் தங்கை, மேடையேறி அவரிடம் ஒரு மனுவைக் கொடுக்க வேண்டும். அவளுடைய கணவனை நாடுகடத்தவென்று தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கொழும்பு விமானத்தில் ஏற்றப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அன்று சனிக்கிழமை.

பகிடிக்காரன், சபையைச் சிரிக்க வைப்பவன் என்று பெயர் எடுத்திருந்ததால் என்னைப் பிடித்தார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போனதும் பகிடி எல்லாம் மறந்துபோனது. பேச்சை நிறுத்தினால் பயம் தெரிந்துவிடும். ஆகவே நிறுத்தவில்லை. அமைச்சர் மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்க ஆரஞ்சை, எங்கள் தோடம்பழத்தை, விற்கவேண்டாம் என்று கடைவாசல்களில் மறியல் செய்தது, நிறவெறி அரசின் தூதரகத்துக்கு முன்னால் மழையில் நின்றது, இரண்டு தடவை பொலிஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு கவுன்சிலர், எம்.பி., அமைச்சர் ஆனது. எல்லாவற்றையும் தமிழில் ஒரு முறை, அவருக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் இன்னொரு முறை.

"இஞ்சேருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி முன்வரிசையிலிருந்து. "அந்தாளுக்குத் தன்ரை கதை தெரியும்."

சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். அமைச்சரோடு வந்த பெண் கை மணிக்கூட்டைக் காட்டினாள். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். யாரோ ஓடிப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். மச்சாள் மனுவை மடியில் வைத்தபடி இருந்தாள். அவளுடைய நேரத்தை நான் தின்று முடித்திருந்தேன்.

மேடையிலிருந்து குதித்து ஓடினேன். அவளும் பின்னால் ஓடி வந்தாள். கார்க் கதவடியில் அவரைப் பிடித்தோம். பாடமாக்கிய ஆங்கிலம் அவளுக்கு வரவில்லை. மனுவை நீட்டினாள். அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"இது என் துறை இல்லை. விசாரித்துப் பார்க்கிறேன்," என்றார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "ஐயா, அந்த நாளில் உங்களிடம் இப்படிச் சொன்ன அமைச்சர்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் மனுவை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "நம்பவில்லை," என்றார். "வாசலை விட்டுப் போகவுமில்லை."

திங்கட்கிழமை காலை ஒன்பது பேர், கோரிக்கை எழுதிய மட்டைகளோடு, அவருடைய தொகுதி அலுவலக வாசலில் நின்றோம். ஒரு பொலிஸ்காரர் தெருவைக் கடந்து வர, நான் என் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். அந்தப் பொலிஸ்காரர் பக்கத்துக் கடைக்குக் கோப்பி வாங்கப் போனார்.

பத்து மணிக்கு அமைச்சர் வந்தார். மச்சாளின் மட்டையில் இருந்ததை நின்று வாசித்தார். அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார். உள்ளே போனார்.

பின்னேரமும் வாசலிலேயே நின்ற எங்களை வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். செவ்வாய்ப் பயணத்தை நிறுத்திவிட்டார்களாம், வழக்கைத் திரும்பப் பார்ப்பார்களாம். யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

"அந்தாள்தான் செய்திருப்பார்," என்றேன்.

"ஆருக்குத் தெரியும், அத்தான். நாளைக்குப் பிளேனிலை ஏத்த மாட்டினம். அதுக்குப் பிறகு?" என்றாள் மச்சாள்.

அவள் சுவரில் சாய்த்திருந்த மட்டையை மறுபடி கையில் எடுத்தாள்.