தொட்ட ராணி

அட்டாளைச்சேனையைத் தாண்டியும் நிற்காமல் நடந்தேன். அக்கரைப்பற்றில் வேலை செய்த புடவைக்கடையை விட்டு வந்துகொண்டிருந்தேன். தோளில் தொங்கிய பையில் உடுப்பும் என் செஸ் பலகையும் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சாத்தும் கடை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும். அந்த இடைவெளியில் முதலாளியும் நானும் ஆடுவோம். பிழையாக வைத்த காயை அவர் திருப்பி எடுப்பார், நானும் விட்டுவிடுவேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் ஆடினார்கள். வெளிநாட்டுப் போட்டிகளைப் போனில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதிலாவது முன்னேறியிருக்கிறேனா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்று அவர் ராணியைத் தொட்டார். அது இடம் மாறினால் அவருடைய ராசாவுக்குத் தப்ப வழியில்லை. சட்டென்று கையை எடுத்தார்.

“தொட்டா நகர்த்தோணும் ஹாஜியார்.”

“சும்மா கை பட்டதுடா. பெரிய உலக சாம்பியன் வந்திட்டார்!”

“உலக சாம்பியனும் நகர்த்தத்தான் வேணும்.”

“இது என்ட கடை.”

“ஓம். பலகை என்ட.”

அவர் காய்களைத் தட்டிவிட்டு, “நாளையிலிருந்து வராத” என்றார். எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு, வென்றது நான்தான் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டே இறங்கினேன்.

மறுநாள் காலை கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை இழுக்க ஆள் கேட்டார்கள்.

“முந்தின வேலைய ஏன் விட்ட?” என்றார் வலைக்காரர்.

“முதலாளிய வென்டுட்டன்.”

அவர் சிரித்துவிட்டுக் கயிற்றைக் கையில் தந்தார்.