துண்டு போட்ட இடம்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் தினமும் பெங்களூர் ரயில் ஏறும் மை பூசிய மீசைக்காரர் ஒருவர், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பங்காருபேட்டையில் ஏறும் நண்பருக்கென்று பக்கத்து இடத்தில் துண்டு போட்டுவைப்பார். சட்டைப்பையில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் சிடி துருத்திக்கொண்டிருக்கும். ஆபீசில் விண்டோஸோடு மாரடிக்கும் என்னைக் கண்டால் விடமாட்டார்.

"இன்னா சார், சாப்ட்வேர ஒருத்தனே சொந்தம் கொண்டாடலாமா? எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்" என்றார் ஒருநாள்.

இடமில்லாமல் நின்றிருந்த நான் துண்டைக் காட்டினேன். "அப்போ இந்த சீட்டு?"

அவர் அசரவில்லை. சிடியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத காப்பி பண்ணிக்கினா உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். சீட்ட அப்படி காப்பி பண்ணிக் காட்டுங்க, துண்ட எடுத்துடறேன்."

பங்காருபேட்டையில் எந்த நண்பரும் ஏறவில்லை. பெங்களூர் வரை துண்டு உட்கார்ந்து வந்தது. நான் கையில் சிடியோடு நின்றுகொண்டே வந்தேன்.