பெரிய சார் டீ குடித்த வீடுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்பதில்லை. வெறுங்கால்களும் றப்பர் செருப்புகளும் மட்டுமே நடமாடும் அந்த நீண்ட சீமெந்துத் தரையில் தோல் சப்பாத்தொன்று டக்கு டக்கென்று வந்தால், துணிக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாக இருக்க முடியாது, அவர் ஜீப்பில்தான் வருவார். கிளாக்கர் ஐயா என்றால் தூரத்திலிருந்தே யாருடைய பெயரையாவது சொல்லிக் கத்திக்கொண்டு வருவார். சத்தமில்லாமல், ஒவ்வொரு வாசலிலும் தலையைச் சற்றுத் தாழ்த்தி வணக்கம் வைத்துக்கொண்டு வருகிறவர் எங்கள் பாடசாலை அதிபர் ஒருவர்தான். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'பெரிய சார்'.

யோகா அக்கா பதினோராம் ஆண்டில் படித்த வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது எட்டாம் ஆண்டு. அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்வதற்கு முன்பு, எங்கள் ஆட்கள் ஒரு பாடசாலையை நல்லது கெட்டது என்று எப்படிப் பிரித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

பதுளையிலிருந்து வரும் பஸ் மலைப்பாதையில் இரைந்துகொண்டு ஏறி எங்கள் சந்தியில் நிற்கும். சந்திக்கு மேலே ஒரு பாடசாலை, கீழே பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்று. இரண்டும் அரசாங்கத்துடையவை, இரண்டிலும் பதினோராம் ஆண்டில் எழுதும் ஓ எல் பரீட்சை வரை வகுப்பு இருந்தது, இரண்டிலும் மழை பெய்தால் மேசையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டிலும் கணக்கு வாத்தியார் வருவார், சில மாதங்களில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனாலும் மேலே இருந்ததுதான் நல்ல பாடசாலை. காரணம், ஓ எல் ரிசல்ட் வந்த கிழமையில் சந்தியில் இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே அவர்கள் ஒரு 'பெனர்' கட்டுவார்கள். அதில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பாஸ் என்ற சித்தி வீதம் பெரிய சிவப்பு எழுத்தில் இருக்கும். கீழ்ப் பாடசாலை பெனர் கட்டியதே இல்லை. கொழுந்து நிறுக்கும் 'மடுவத்தில்' வரிசையில் நிற்கும்போது அம்மாமார் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். "கீழ இருக்கிற சாரு வந்தவன் போனவன் எல்லாத்தையும் எழுத விடுறாரு, அப்புறம் எப்புடி பாஸ் வரும்?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அப்பா எங்கள் இருவரையும் கீழ்ப் பாடசாலையிலிருந்து எடுத்து மேலே சேர்த்தார். ஏற்றத்தில் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் அட்டை ஏறும், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "நல்ல ஸ்கூல்ல சேத்துட்டேன், இனி நீங்களாச்சு ஒங்க படிப்பாச்சு" என்று அப்பா சொன்னார். அவர் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். பிள்ளைகளைப் பற்றி அவர் செய்ய வேண்டியதெல்லாம் அத்துடன் முடிந்துவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துச் சத்தம் எங்கள் முன்திண்ணை 'இஸ்தோப்பில்' வந்து நின்றபோது அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டில் உட்காரக் கதிரை இல்லாததால் நான் பக்கத்து வீட்டுக் 'காம்பராவுக்கு' ஓடிப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பா உள்ளே போய்ச் சாரத்தின் மேல் கலியாண வீட்டுக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். டின்னின் அடியில் கிடந்த மாரி பிஸ்கட் உடையாததாகப் பார்த்துத் தட்டில் வைக்கப்பட்டது. லயத்துப் பிள்ளைகள் வாசலில் குவிந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் அதுவரை சப்பாத்துக் காலோடு யாரும் வந்து உட்கார்ந்ததில்லை.

பெரிய சார் டீயை நிதானமாகக் குடித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரல் உயர்த்தத் தெரியாதவர். "பிள்ள நல்லாத்தான் படிக்குதுங்க. ஆனா ஒடம்பு ரொம்ப பலவீனமா இருக்கு, மொகத்துல ரத்தமே இல்ல பாருங்க. இந்த வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும். அடுத்த வருஷம் எழுதுனா நல்ல ரிசல்ட் வரும். அவசரப்பட்டு எழுதி பெயிலாகிப் போனா பிள்ளைக்குத்தானே மனசு ஒடையும்?" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நடுவில் தன் மகளின் முகத்தில் ரத்தம் இல்லை என்பதை ஒரு பெரிய மனிதர் கவனித்திருக்கிறாரே என்ற கலக்கம் அது.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழும் சமயமும் நன்றாக வரும், மற்றவை அப்படி இப்படி. உடம்பைப் பற்றிச் சொன்னால், மலைத் தண்ணீர் விழும் 'பீலியில்' இருந்து இரண்டு கைகளிலும் வாளி நிறையத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வழியில் எங்கும் இறக்கி வைக்காமல் ஏறி வருகிறவள் அவள். ஆனால் அன்று மாலை அவள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாளே அம்மா அவளைத் தோட்டத்து 'டிஸ்பென்சரிக்கு' கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஐயா கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், "இவளுக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கா" என்று அனுப்பிவிட்டார். இறங்கி வரும்போது அம்மா, "இவருக்கு என்னா தெரியும், பெரிய சார் அளவுக்கு படிச்சிருக்காரா?" என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குப் பீட்ரூட், வல்லாரை, சம்பளக் கிழமையில் ஆட்டு ஈரல். முட்டை அவித்தால் அவளுக்கு முழுசு, எனக்குப் பாதி. எனக்கும் ஏதாவது பலவீனம் வரக்கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

டிசம்பரில் வெள்ளைச் சீருடை போட்ட பெண்கள் கூட்டமாகப் பரீட்சைக்குப் போனார்கள். பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா எழுந்து நின்று, "நல்லா எழுதுங்கடி" என்று கை காட்டினாள். அவளிடம் கோபமோ அழுகையோ இல்லை. நோயாளிக்கு என்ன அவசரம் என்பது போல ஒரு பொறுமை வந்திருந்தது. ரிசல்ட் வந்தபோது சந்திப் பெனரில் சிவப்பு எழுத்து முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்திருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்து பாடசாலைக்குக் கேடயம் கொடுத்தார், நாங்கள் உள்ளங்கை சிவக்கக் கை தட்டினோம். அக்காவும் சந்திக்கு வந்து பெனரைப் பார்த்துவிட்டு, "நம்ம ஸ்கூலு எப்புடி!" என்றாள்.

அடுத்த வருடம் வந்தது. வகுப்பு முடிந்துவிட்டதால் இனி வெளியாளாகத்தான் எழுத வேண்டும், அதற்குப் பதுளைக்குப் போய் ஏதேதோ செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு தடவை அதிபரைப் போய்ப் பார்த்தார். அவர் "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி கொழும்புப் பக்கத்துத் தையல் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல, அக்கா அவளோடு பஸ் ஏறினாள். அவளுடைய புத்தகங்களுக்கு அம்மா உறை மாற்றி எனக்குக் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லும்போது என் குரல் மாறுவதில்லை என்று என் கணவர் சொல்வார். கோபம் வர வேண்டிய இடம் என்று எனக்கும் தெரியும், தொட்டுப் பார்த்தால் மரத்துப்போய்க் கிடக்கிறது.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது மடுவத்தில்தான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே ஒருத்தி, "பெரிய சார் டீ குடிச்ச வீட்டுல ஒண்ணுலயும் பிள்ளைங்க எழுதல, பாத்தீங்களா?" என்றாளாம். ஒரு வீட்டில் பிள்ளை பாடசாலைக்கு வந்த நாள் போதவில்லை, ஒரு வீட்டில் வயது போதவில்லை, ஒரு வீட்டில் மனது சரியில்லை, எங்கள் வீட்டில் ரத்தம் இல்லை. அதற்குப் பிறகு எல்லோரும் கோதுமை மாவு விலையைப் பற்றிப் பேசினார்கள் என்று அம்மா வந்து சொன்னார். அந்த வருடத்திலிருந்து சப்பாத்துச் சத்தம் கேட்டதும் சில வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. ஓ எல் பிள்ளை உள்ள தாய்மார் ஞாயிறென்றும் பாராமல் விறகுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒருவர்கூட அது கெட்ட பாடசாலை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பெனரில் இருந்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தானே. ஒரு வீட்டில் விட்டதை இன்னொரு வீட்டில் பிடித்துக்கொண்டோம்.

என் முறை வந்தது. நான் ஓ எல் எழுத வேண்டிய வருடம் அக்கா லீவில் வந்திருந்தாள். நகத்தில் சாயம் பூசி, கொஞ்சம் சதை போட்டு, அழகாக இருந்தாள். ஞாயிறு காலை சப்பாத்துச் சத்தம் லயத்தின் தலைப்பக்கத்தில் கேட்டதும் அம்மாவின் கை தேங்காய்த் துருவலில் நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கணக்கு ஓரளவு வரும். ஆனால் எந்த அளவுக்கு வந்தால் போதும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் அக்கா தலையை முடிந்துகொண்டு வாசலுக்குப் போனாள்.

"வாங்க சார், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து "அடியே" என்றது வாசல்வரை போகவில்லை. பெரிய சார் நின்றார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "யாரு பிள்ள நீங்க?" என்று கேட்டார்.

"யோகா சார். ஒடம்பு சரியில்லாம இருந்தேனே சார். இப்ப நல்லா இருக்கேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றுமே இல்லை. தன்னைப் பற்றி விசாரித்த ஒருவருக்குச் சுகமாகிவிட்டது என்ற செய்தியைச் சொல்லிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அவர் இரண்டு தடவை "சந்தோஷம், சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு காம்பரா தள்ளி வேறொரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். அம்மா மறுபடியும் தேங்காய் துருவத் தொடங்கினார். அந்த வீட்டுப் பெண் என் வகுப்புத்தான், அந்த வருடம் அவள் எழுதவில்லை. நான் எழுதினேன், பாஸ் பண்ணினேன், சிவப்பு எழுத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

இப்போது நான் பதுளையில் ஒரு மாகாணக் கந்தோரில் எழுதுவினைஞர். தோட்டத்துக்குப் போனால் பழைய லயத்தில் பாதி இல்லை. அந்த இடத்தில் தனித்தனி வீடுகள், எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் கதிரைகள். பெரிய சார் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். அவருக்குப் பின் வந்த அதிபர்கள் யாரும் லயத்துப் பக்கம் நடந்து வருவதில்லை. எல்லோரையும் எழுத விட்ட கீழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் சேராமல் சேராமல் ஓ எல் வகுப்பை எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே சின்ன வகுப்புகள் மட்டும்தான். சந்திப் பெனரில் எழுத்தோடு படங்களும் வந்துவிட்டன.

என் மகளை நகரத்தில் பெயர்பெற்ற ஒரு பாடசாலையில் சேர்த்திருக்கிறேன். அதையும் பெனரைப் பார்த்துத்தான் சேர்த்தேன். வேறு எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருடம் அவளுக்கு ஓ எல். போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு மிஸ் போன் எடுத்தார். மிகவும் தன்மையான குரல். "மகள் கொஞ்சம் ஸ்ட்ரெஸ்ஸா இருக்கிற மாதிரி தெரியுது. இந்த முறை விட்டுட்டு அடுத்த முறை எழுதினா அவவுக்கு நல்லதுன்னு நாங்க நெனைக்கிறோம்" என்றார்.

"இல்ல மிஸ், அவ எழுதுவா" என்றேன்.

"பெயிலானா பிள்ளைதானே கஷ்டப்படும்?"

"ஆனா ஆகட்டும் மிஸ். எழுதிட்டுப் பெயிலாகட்டும்." கந்தோரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் கத்தியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. சோற்றுப் பொதியை மூடிவைத்தேன்.

இதைச் சொல்ல எனக்கு அக்காவைத் தவிர யாரும் தோன்றவில்லை. அவள் வத்தளையில் இருக்கிறாள், வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறாள். அழைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவளுக்காகவும் சேர்த்துத்தான் கத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"ஏன்டி அப்புடி பேசுன? நல்ல ஸ்கூல்காரங்க சும்மாவா சொல்லுவாங்க? பிள்ளைக்கு நெசமாவே முடியலையோ என்னமோ. எனக்கும் அந்த வருஷம் ஒடம்பு முடியாமத்தானே இருந்துச்சு. அன்னைக்கு சாரு கவனிக்காட்டி என்னா ஆகியிருப்பேனோ."

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். "ரொம்ப முடியாமத்தான் இருந்துச்சு ஒனக்கு."